காபன் சில்லு: வாங்க முன்னும் அனுப்ப முன்னும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கடைக்கார அண்ணை மடியில் ஒரு கறுத்தச் சில்லை வைத்து, ஐந்து ரூபாக் குற்றியால் அதன் றிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். டிக், டிக், டிக் என்று ஒரே சத்தம். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. 'டொக்'. திரும்பவும் அதே இடத்தில் தட்டினார். 'டொக்'.

"தம்பி, இது சரியில்லை."

பக்கத்தில் நின்ற இளைஞருக்குப் பத்தொன்பது வயது. மாவட்ட மட்ட சைக்கிளோட்டப் போட்டிகளில் ஓடுகிறார். அந்தச் சில்லுகள் இரண்டும் பிரான்ஸிலிருந்து அவருடைய மாமா அனுப்பியவை. உணவகத்தில் மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த காசில், ஒருவர் பாவித்ததை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு கிழமையாக இளைஞர் அவற்றைப் பூட்டித்தான் பயிற்சி எடுத்துவந்தார். பின் பிறேக் பிடிக்கும்போது ஒரு மாதிரியாக அதிர்கிறது என்பதால் அன்று கடைக்குக் கொண்டுவந்திருந்தார்.

அவருடைய அம்மாவும் வந்திருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை, உது என்ன விலை எண்டு நான் கேக்கேல்லை. ஓடேக்கை உடைஞ்சா என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். புலம்பெயர்ந்த உறவுகள் வழியாகப் போட்டிச் சைக்கிள்களும் அவற்றின் பாகங்களும் வடக்குக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அனுப்புபவர் அன்பில் அனுப்புகிறார். வாங்குபவர் ஆசையில் பூட்டுகிறார். இடையில் சொல்லப்பட வேண்டிய சில விடயங்களை ஒருவரும் சொல்வதில்லை.

எங்களுக்குத் தெரிந்த சைக்கிள்

எங்கள் ஊர்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக வந்ததில்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளாலிக் கடலைப் படகில் கடந்தபோது சைக்கிளும் கூடவே ஏறியது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, வீட்டில் எடுக்க முடிந்ததெல்லாம் சைக்கிளின் கரியரிலும் பாரிலும்தான் தொங்கியது. 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்களைத் திரும்பவும் தூசு தட்டினோம்.

அந்த இளைஞர் 2009 இல் மூன்று வயதுக் குழந்தை. கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி அவரைக் கரியரில் இருத்தி அம்மா தள்ளிக்கொண்டு போன சைக்கிள், மாத்தளனுக்குக் கிட்ட எங்கோ விடப்பட்டது. "முன் றிம் நல்லா நெளிஞ்சு போச்சு. ஆனாலும் உருண்டது" என்றார் அம்மா.

அவர் சொன்னது முக்கியமானது. இரும்பு நெளியும், நெளிந்த பிறகும் கொஞ்சத் தூரம் உருளும். திருத்துபவர் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும், தேவைப்பட்டால் தட்டியும் அதை ஓரளவு நேராக்கிவிடுவார். காபன் அப்படியில்லை. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு.

காபன் சில்லு என்றால் என்ன?

சைக்கிள் சில்லில் நடுவில் ஹப், வெளியில் றிம், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் ஆகியவை இருக்கின்றன. காபன் சில்லு என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் றிம் மட்டுமே காபன். ஹப் அலுமினியமாகவும் கம்பிகள் உருக்காகவும் இருப்பதே வழமை.

காபன் றிம் உருக்கி வார்க்கப்படுவதில்லை. தலைமுடியை விட மெல்லிய காபன் நார்களைத் துணிபோல் அடுக்கி, எப்பொக்சிப் பிசினில் தோய்த்து, அச்சுக்குள் வைத்து, சூட்டிலும் அமுக்கத்திலும் இறுக விடுகிறார்கள். நார் பலத்தைத் தருகிறது. பிசின் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. ஒரே நிறையில் அலுமினியத்தை விட இது விறைப்பானது. அதனால் றிம்மை ஆழமாகச் செய்தாலும் பாரம் கூடுவதில்லை. காபனின் உண்மையான நன்மை இதுதான்.

பலவீனமும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பலமான அடி பட்டால் உள்ளே அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகலாம். வெளியில் ஒரு கீறலுக்கு மேல் தெரியாது. அலுமினியம் நெளிந்து எச்சரிக்கை தரும் இடத்தில், காபன் பல தடவை எதுவும் காட்டாமல் தாங்கிவிட்டு ஒரு நாள் ஒரேயடியாக உடையலாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் முன் சில்லு அப்படிப் போனால் ஓட்டுபவர் தலைகீழாகத்தான் விழுவார். அம்மாவின் கேள்விக்குப் பதில் அது.

நல்ல நிறுவனம் செய்த, அடிபடாத, சரியாகப் பூட்டப்பட்ட காபன் சில்லு பயப்பட வேண்டிய பொருளல்ல. உலகின் பெரிய போட்டிகள் எல்லாம் அதில்தான் ஓடப்படுகின்றன. ஆனால் அங்கே ஒவ்வொரு அணிக்கும் பின்னால் உதிரிச் சில்லுகளோடு ஒரு வாகனம் வருகிறது. எங்களுக்குப் பின்னால் அப்படி ஒன்று வருவதில்லை.

எவ்வளவு வேகம் கூடும்?

சாதாரண அலுமினியப் போட்டிச் சில்லுச் சோடி ஒன்று ஏறத்தாழ 1.6 முதல் 2 கிலோ வரை இருக்கும். காபன் சோடி 1.3 முதல் 1.6 கிலோ வரை. மிச்சம் 400 கிராம் என்று வைப்போம். 60 கிலோ உள்ள ஓட்டுநரும் 9 கிலோ சைக்கிளும் சேர்ந்து 69 கிலோ. 400 கிராம் என்பது அதில் ஒரு வீதம் கூட இல்லை. மலை ஏறும்போது அந்த அளவுக்குத்தான் உதவும். மலையே இல்லாத வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நிறையால் கிடைக்கும் நன்மை அநேகமாக உணர முடியாதது.

சமதரையில் எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றைத் தள்ளத் தேவையான வலு எட்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றரில் பள்ளிக்கூடம் போகிறவருக்கு றிம்மின் வடிவம் ஒரு பொருட்டல்ல. 40 இல் தனியாக ஓடுகிற போட்டியாளருக்கு 50 மில்லிமீற்றர் ஆழமான றிம், சாதாரண றிம்மோடு ஒப்பிட்டால், பத்து உவாற்று அளவில் மிச்சம் பிடித்துத் தரலாம். நல்ல பயிற்சி உள்ள ஒருவர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 200 முதல் 250 உவாற்று. எனவே அந்தப் பத்து சின்ன விடயமல்ல. ஆனால் அதைவிட மலிவாகக் கிடைக்கும் பத்துகளும் இருக்கின்றன.

காற்றை மறிப்பதில் பெரும் பங்கு ஓட்டுபவரின் உடம்புடையது. முழங்கையை மடித்துக் குனிந்து ஓடப் பழகுவதும், காற்றில் படபடக்கும் தளர்ந்த சட்டைக்குப் பதிலாக உடம்போடு ஒட்டிய உடுப்புப் போடுவதும் சில்லை விடக் கூடுதலாகத் தரும். இன்னொருவரின் பின் சில்லை ஒட்டி ஓடினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். மலிவான தடித்த ரயரை மாற்றி நல்ல போட்டி ரயர்ச் சோடி போட்டாலே 10 முதல் 20 உவாற்று வரை கிடைக்கலாம்.

விலையைப் பாருங்கள். புதிய காபன் சில்லுச் சோடி 400 டொலர் அளவில் தொடங்கி 3,000 டொலரையும் தாண்டிப் போகிறது. இன்றைய நாணய மாற்றில் அது ஓர் இலட்சத்துக்கு மேல் தொடங்கி பத்து இலட்சத்தை நெருங்கும் தொகை. நல்ல ரயர்ச் சோடி அதில் ஒரு சிறு பங்கு. காசு இருக்கிறவரும் முதலில் ரயரை மாற்றுவதே புத்தி.

ஆழமும் காற்றும்

றிம்மின் ஆழத்தை மில்லிமீற்றரில் சொல்வார்கள். 30 முதல் 35 வரை ஆழம் குறைந்தது. 40 முதல் 50 வரை நடுத்தரம். 60 இற்கு மேல் ஆழமானது. ஆழம் கூடக்கூட நேர் வேகம் கூடும். ஆனால் பக்கக் காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். பின் சில்லைக் காற்றுத் தள்ளினால் ஓட்டுபவரின் பாரம் அதை அமத்திப் பிடிக்கும். முன் சில்லைத் தள்ளினால் ஹாண்டில் திரும்பும்.

எங்கள் காற்று எங்களுக்குத் தெரியும். வாடைக்கும் சோளகத்துக்கும் கச்சானுக்கும் கொண்டலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் நாங்கள். பளையிலும் மன்னாரிலும் காற்றாலைகளை நட்டது சும்மா அல்ல. ஆனையிறவு, பண்ணைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம், மன்னார்ப் பாலம் போன்ற இடங்களில் இருபுறமும் மரமோ மதிலோ இல்லை. சோளகக் காலத்தில் அங்கே 60 மில்லிமீற்றர் முன் சில்லோடு ஓடுவது, அதுவும் பக்கத்தில் பேருந்து முந்திப் போகும்போது, விளையாட்டல்ல. பேருந்து காற்றை மறைத்துவிட்டுக் கடந்ததும் காற்று திடீரென்று திரும்ப அடிக்கும். அந்தக் கணத்தில்தான் சைக்கிள் இழுபடும்.

ஓட்டுபவர் மெலிந்தவர் என்றால் இன்னும் கவனம். எங்கள் பிள்ளைகளில் பலர் 55 கிலோவுக்கும் குறைவு. இங்கே ஓடுவதற்கு முன் சில்லு 35, பின் சில்லு 45 அளவில் இருந்தால் போதும். முன்னதை விடப் பின்னது ஆழமாக இருப்பதில் பிழையில்லை. மாறி இருக்கக் கூடாது.

பிறேக்: உயிர் தொங்கும் இடம்

இப்போது வரும் போட்டிச் சைக்கிள்களில் பெரும்பாலும் டிஸ்க் பிறேக். சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் 2018 இல் வீதிப் போட்டிகளில் அதை முழுமையாக அனுமதித்தது. அதில் பிறேக் பிடிப்பது ஹப்போடு பூட்டிய இரும்புத் தட்டில், றிம்மில் அல்ல. அதனால் காபன் றிம்மோடு டிஸ்க் பிறேக் நன்றாகப் பொருந்தும்.

ஆனால் ஊருக்கு வருகிறவற்றில் பல, வெளிநாட்டில் ஒருவர் பாவித்துக் கழித்த, றிம்மைப் பிடிக்கும் பிறேக் உள்ள சைக்கிள்கள். அங்கே காபன் றிம் பூட்டினால் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பிறேக் கட்டை. காபன் றிம்முக்கென்று செய்த கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினிய றிம்மில் பாவித்த கட்டையை அப்படியே காபனுக்குப் போடக் கூடாது. பழைய கட்டைக்குள் அலுமினியத் துகள்கள் பொதிந்திருக்கும். அவை காபனை அரம்போல் அராவும். இளைஞர் செய்த பிழை அதுதான். அண்ணை கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கறுத்த ரப்பருக்குள் வெள்ளியாய் மினுங்கும் பொடிகள். றிம்மின் ஓரத்தில் அவை இழுத்த கோடுகள்.

இரண்டு, சூடு. றிம்மில் பிறேக் பிடித்தால் றிம் சுடும். அலுமினியம் சூட்டைக் கடத்திக் காற்றில் விட்டுவிடும். காபன் அவ்வளவு வேகமாக விடாது. சூடு கூடினால் பிசின் இளகி றிம் வீங்கலாம், ரியூப் வெடிக்கலாம். வடக்கில் இதற்கு இடமில்லை. ஆனால் போட்டிக்கென்று மலையகம் போகிறவர்கள் உண்டு. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ஆபத்து. வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டு, முன்னையும் பின்னையும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். முடியுமென்றால் அந்தப் பயணத்துக்கு அலுமினியச் சில்லையே பூட்டலாம்.

மூன்று, மழை. நனைந்த காபன் றிம்மில் பிறேக் பிந்தித்தான் பிடிக்கும். கார்த்திகை மாரியில் பயிற்சிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அனுப்ப முன் கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலிருக்கும் மாமாமாருக்கும் அண்ணாமாருக்கும் இந்தப் பகுதி. சில்லை வாங்க முன், ஊரிலுள்ள சைக்கிளின் நாலு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு இவற்றைச் சரிபாருங்கள்.

பிறேக் எந்த வகை? றிம் பிறேக்குக்கான சில்லையும் டிஸ்க் பிறேக்குக்கான சில்லையும் ஒன்றுக்கு மற்றது மாற்ற முடியாது. டிஸ்க் வகை றிம்மில் பிறேக் கட்டை பிடிப்பதற்கான பரப்பே இருக்காது.

அச்சு எந்த வகை? றிம் பிறேக் உள்ள போட்டிச் சைக்கிளில் வழமையாக, கைப்பிடியால் இறுக்கும் மெல்லிய அச்சும் பின்னால் 130 மில்லிமீற்றர் அகலமும் இருக்கும். புதிய டிஸ்க் சைக்கிளில் 12 மில்லிமீற்றர் தடித்த அச்சும் பின்னால் 142 மில்லிமீற்றர் அகலமும் இருக்கும்.

பின்னால் எத்தனை பற்சில்லுகள், எந்த நிறுவனத்துடையவை? சிமானோ, ஸ்ராம், கம்பக்னோலோ ஆகியவற்றின் பற்சில்லுத் தொகுதிகள் எல்லாம் ஒரே ஹப்பில் ஏறா. 11 பற்சில்லு ஹப்பில் பழைய 10 போடுவதென்றால் இடையில் ஒரு மெல்லிய வளையம் வைக்க வேண்டும்.

றிம்மின் அளவு என்ன? போட்டிச் சில்லு 700சி எனப்படுவது. ரயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீற்றர். எங்கள் பழைய பெரிய சைக்கிள்களின் 28 x 1 1/2 ரயருக்கு அது 635 மில்லிமீற்றர். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தாலும் ஊர்க் கடையிலுள்ள அந்த ரயர் இதற்குப் பொருந்தாது. ஆகவே சில்லு அனுப்பினால் ரயரும், மேலதிக ரியூப்பும் சேர்த்து அனுப்புங்கள். ஆழமான றிம்முக்கு நீளமான வால்வுள்ள ரியூப் வேண்டும். அந்த வால்வு மெல்லியது. இங்குள்ள பம்பில் நேரே பிடிக்காது. ஒரு சின்னப் பித்தளை மாற்றி போதும். அதையும் பெட்டிக்குள் போடுங்கள்.

கம்பி எப்படிப்பட்டது? ஹப்பின் பக்கம் வளைந்த தலையுள்ள உருளைக் கம்பியாக இருந்தால் ஊரில் திருத்துவது சுலபம். நேராகச் செருகும் தட்டைக் கம்பிகள் ஒன்று உடைந்தாலும் இங்கே கிடைக்காது. அப்படியென்றால் நாலைந்து மேலதிகக் கம்பிகளை இப்போதே வாங்கி வையுங்கள்.

கடைசியாக, பெரிய பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பிரபல நிறுவனங்களின் பெயரை ஒட்டிய போலி றிம்கள் இணையத்தில் தாராளமாக விற்கப்படுகின்றன. நம்ப முடியாத விலைக்கு வருவதை நம்பாமல் விடுவதே நல்லது. சொந்தப் பெயரில் விற்கும், உத்தரவாதம் தரும் சிறிய நிறுவனத்தின் சில்லு போலிப் பெரிய பெயரை விட மேல். பாவித்ததை வாங்கினால் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரயரும் காற்றும்

சில புதிய காபன் றிம்களில் ரயரைப் பிடிக்கும் உள்விளிம்புக் கொக்கி இல்லை. அவற்றில் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட ரியூப் இல்லாத வகை ரயரை மட்டுமே போடலாம். 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ என்ற அளவுக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பலநாள் போட்டியில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி ஜென்ட் அத்தகைய றிம்மிலிருந்து ரயர் கழன்று விழுந்தார். அதன் பிறகு றிம்மின் அகலத்துக்கு ரயரின் அகலம் பொருந்த வேண்டும் என்ற விடயம் பெரிதாகப் பேசப்பட்டது. தொழில்முறை அணிக்கே அந்தச் சிக்கல் என்றால், மோட்டார் சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தில் கை நிதானத்துக்கு அடிக்கும் எங்களுக்கு? ஊரில் பாவிப்பதற்குக் கொக்கி உள்ள றிம்மையே தேர்ந்தெடுங்கள்.

காற்று கல்லுப்போல் இருந்தால்தான் வேகம் என்ற நம்பிக்கை எங்களிடம் பலமாக உண்டு. மெழுகுபோன்ற தரையில் அது ஓரளவு சரி. சொரசொரப்பான தாரிலும் கிரவல் ஒழுங்கையிலும் கூடின காற்று சைக்கிளைத் துள்ள வைத்து வேகத்தைக் குறைக்கும். றிம்முக்கும் அடி கூடும். 60 கிலோ அளவுள்ள ஒருவர் 28 மில்லிமீற்றர் ரயரில் 65 முதல் 70 பிஎஸ்ஐ வரை வைத்து ஓடிப் பார்த்து, தனக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். அளவுமானி உள்ள பம்ப் ஒன்று இதற்கு அவசியம்.

பாவித்த சில்லைச் சோதிப்பது எப்படி?

கடைக்கார அண்ணை செய்தபடியே சொல்கிறேன். முதலில் ரயரையும் ரியூப்பையும் கழற்றி, றிம்மை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வெயிலில் அல்லது ரோச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முழு றிம்மையும் பார்க்க வேண்டும். கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருக்கின்றனவா? பிறேக் பிடிக்கும் பரப்பில் வீக்கமோ குழியோ விரலுக்குத் தட்டுப்படுகிறதா? ரயர் உட்காரும் விளிம்பு எங்காவது தெறித்திருக்கிறதா? பஞ்சுத் துணியால் சுற்றி வழிக்கும்போது நூல் எங்காவது சிக்குகிறதா?

பிறகு குற்றியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் சத்தம் கூர்மையாக வரும். உள்ளே அடுக்கு விலகிய இடத்தில் மந்தமாக வரும். கம்பித் துளைக்கும் வால்வுத் துளைக்கும் கிட்ட இயல்பாகவே சத்தம் கொஞ்சம் மாறும் என்பதால் எதிர்ப்பக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். தட்டுவது மட்டும் முடிந்த முடிவல்ல. ஆனால் கண்ணுக்குக் கோடும் காதுக்கு 'டொக்'கும் ஒரே இடத்தில் வந்தால் அந்த றிம்மைப் பாவிக்கவே கூடாது.

இளைஞரின் பின் சில்லில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. கம்பித் துளை ஒன்றிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. அது பிரான்ஸில் வந்ததா, பயணப் பெட்டிக்குள் வந்ததா, இங்கே தண்டவாளக் கடவையில் வந்ததா என்று சொல்ல வழியில்லை.

ஊரில் பாவிக்கும்போது

ரயர் கழற்ற இரும்பு நெம்பியோ கரண்டிக் காம்போ பாவிக்காதீர்கள். பிளாஸ்ரிக் நெம்பி மட்டும். விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் கையாலேயே ஏறும்.

கம்பியை இறுக்கி நேராக்கும்போது அளவுக்கு மேல் இறுக்கினால் துளையடியில் வெடிக்கும். அலுமினிய றிம்மில் பழகிய கை இங்கே இன்னும் மெதுவாக வேலை செய்ய வேண்டும்.

உப்பைக் கவனியுங்கள். காபன் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு ஈரத்தோடு அலுமினியம் காபனைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். கம்பியை றிம்மோடு இறுக்கும் சின்ன நிப்பிள்கள் அலுமினியமாக இருந்தால் கடலேரிக் கரையில் ஓடுபவருக்கு அவை வெள்ளைப் பொடியாகி ஒரு நாள் தெறிக்கும். பித்தளை நிப்பிள் போடுவது நல்லது. ஆனையிறவு உப்பளப் பக்கம் ஓடிவந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

தண்டவாளக் கடவையிலும் குழியிலும் வேகத்தைக் குறைத்து, இருக்கையிலிருந்து சற்று எழும்பிக் கடக்க வேண்டும். பேருந்தில் கொண்டுபோவதென்றால் சில்லைக் கழற்றித் துணி சுற்றி மடியில் வையுங்கள். மூட்டைகளுக்குக் கீழே போட வேண்டாம். காபன் சில்லுச் சைக்கிளில் பாரில் ஆளை ஏற்றுவதும் வேண்டாம். விழுந்தாலோ பலமாக அடிபட்டாலோ திரும்ப ஏற முன் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தலைக்கவசம் எந்தச் சில்லுக்கும் பொது.

மாமாவுக்கு என்ன சொல்வது?

அன்று கடையில் கடினமான வேலை சில்லைக் கழற்றுவதல்ல. மாமாவுக்குச் சொல்வதுதான். "சொன்னா மனம் நோகும். பேசாம இருப்பம். போட்டிக்கு மட்டும் பூட்டுறன்" என்றார் இளைஞர். அம்மா ஒன்றும் பேசவில்லை. அண்ணைதான் சொன்னார்: "தம்பி, கொம்மான் உனக்குச் சில்லு அனுப்பினது நீ முன்னுக்கு வாறதுக்கு. நீ விழுந்து கிடக்கிறதைக் கேக்கிறதுக்கு இல்லை."

வெடிப்பைப் படமெடுத்து, தட்டும் சத்தத்தையும் பதிந்து அனுப்பினார்கள். பாரிஸில் வேலை முடிந்த பிறகு, இங்கே நள்ளிரவு தாண்டி, குரல் பதிவு வந்தது. முதலில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அப்ப நான் என்ன அனுப்ப?"

நாங்கள் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். பின் சில்லின் ஹப் நல்ல நிலையில்தான் இருந்தது. அதனால் அதே 24 துளைகள் உள்ள அலுமினிய றிம் ஒன்று, றிம் ஆழம் குறைவதால் அதற்கேற்ற நீளமான கம்பிகள், பித்தளை நிப்பிள்கள். சைக்கிளின் சட்டத்துக்குள் எவ்வளவு அகலம் போகும் என்று அளந்து பார்த்து, 25 மில்லிமீற்றர் போட்டி ரயர்கள் இரண்டு. முன் காபன் சில்லுக்குரிய பிறேக் கட்டைகள். அளவுமானி உள்ள பம்ப். ஒரு தலைக்கவசம். எல்லாம் சேர்த்தாலும் புதிய காபன் சில்லுச் சோடியின் விலைக்குக் கிட்டவும் வராது.

முன் சில்லில் சோதித்தவரை வெடிப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் அது 50 மில்லிமீற்றர் ஆழம். காற்றுக் குறைந்த போட்டி நாட்களில், ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகு மட்டும் பூட்டுவதென்று முடிவாயிற்று. அதுவரை பழைய அலுமினியச் சில்லுகள்தான்.

வெடித்த றிம்மிலிருந்து அண்ணை கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஹப்பைப் பிரித்து எடுத்தார். வேறு யாரும் எடுத்துப் பூட்டிவிடாதபடி றிம்மில் சிவப்புப் பெயின்றால் பெரிய குறுக்குக்கோடு போட்டு, கடைச் சுவரில் தொங்கவிட்டார். இப்போது காபன் சில்லு கேட்டு வரும் பொடியன்களுக்கு முதலில் அதைக் காட்டி, ஐந்து ரூபாக் குற்றியைக் கையில் கொடுத்து, "தட்டிப் பார்" என்கிறார்.